பின்வாசல் வைத்த தீப்பெட்டி வீடு

என் மைனி மஹ்மூதா பீவிக்குப் பீடி சுற்ற வராது. மேலப்பாளையத்தில் ஒருத்தியைப் பற்றி இப்படிச் சொன்னால் அது பாதி வசவு. மற்றவர்கள் பிற்பகல் தொழுகையின் அஸர் பாங்குக்கு முன்னால் ஆயிரம் பீடி சுற்றி முடித்துக் கை கழுவும்போது அவள் அறுநூறைத் தாண்டியிருக்க மாட்டாள். கையில் குறையில்லை, கண்ணில்தான் குறை. இலையை வெட்டும்போது விழுகிற மிச்சத் துண்டை எடுப்பாள், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். அத்தோடு பீடி போயிற்று. அந்தத் துண்டு ஒரு விசிறியாகவோ கதவாகவோ ஆகிற வரைக்கும் கூப்பிட்டால் அவள் காதில் விழாது.

நான் நஃபீஸத், அவளுக்கு நாத்தனார். நாத்தனார் வாயால் மைனியைப் பற்றி நல்லது வந்தால் மழை வரும் என்பார்கள். வரட்டுமே, ஆற்றில் தண்ணீர் ஓடினால் யாருக்கு நஷ்டம்?

மைனி பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அவள் வாப்பாவுக்கு அங்கே நூல் மில்லில் வேலை. மில்லில் கழித்துப் போடுகிற காகிதக் கூம்பும் நூல் கட்டையும்தான் சின்ன வயதில் அவளுக்கு விளையாட்டுச் சாமான். கட்டையை நிறுத்தினால் தூண், கூம்பைக் கவிழ்த்தால் மினாரா. எங்கள் காக்காவுக்கு, அதாவது அண்ணன் அலி அக்பருக்கு, அவளை நிக்காஹ் செய்து கொண்டுவந்த அன்று, பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பழைய டப்பா இருந்தது. நகையாக்கும் என்று நான் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே ஒரு முழு அடுக்களை. சோடா மூடியில் சட்டி, புளியங்கொட்டையைத் தேய்த்துச் செய்த அம்மி, பேனா மூடியில் குடம், ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் உட்காரும் பலகை. எனக்கு அப்போது பதினேழு வயது. நகையாக இருந்திருந்தால்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் காக்கா சபர் போய்விட்டான். வளைகுடாவுக்குப் போவதை எங்கள் பக்கம் சபர் என்போம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு மாதம் இருப்பான், போய்விடுவான். ஒன்பது வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. அதற்குள் இரண்டு பிள்ளைகள். எங்கள் உம்மாவும் மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் பெரிய ஆள் என்று மைனி ஒருத்திதான்.

ஆனால் தனியாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெரு வீடுகளுக்கு இரண்டு வாசல். முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் முடுக்குக்கு. முடுக்கு என்பது வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடுகிற ஒடுக்கமான சந்து. அது பெண்களுக்கு மட்டும். பையன்களுக்குப் பத்து வயது ஆனதும் 'போலே அங்கிட்டு' என்று விரட்டிவிடுவோம். முன்தெரு வழியாகப் போக வேண்டுமென்றால் துப்பட்டியைப் போர்த்த வேண்டும், டீக்கடை ஆண்களைத் தாண்ட வேண்டும். முடுக்கு வழியாகப் போக எதுவும் வேண்டாம். இலையும் தூளும் வைத்த முறம், எங்கள் வாயில் சொளகு, அதைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் பக்கத்து வீடு. மத்தியானம் ஆனால் எட்டுப் பத்துப் பேர் மைனி வீட்டுப் பின்வாசலில் கூடிவிடுவோம். அங்கேதான் நிழல். பீடி ஓடும், பேச்சு அதைவிட வேகமாக ஓடும். கல்யாணம் ஆன புதிதில் காக்கா போன மறுநாள் மைனி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்; எங்களுக்கெல்லாம் மூத்த அக்காவான ஹமீது பீவி லாத்தா பின்வாசல் வழியாக வந்து, அதைத் தட்டித் திறக்க வைத்துச் சொளகை அவள் மடியில் வைத்தாள்.

தொண்ணூற்று நாலில் காக்கா பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டச் சொல்லி எழுதினான். கூடவே ஒரு பிளான் வந்தது. அங்கே அவனோடு வேலை பார்க்கிற யாரோ ஒரு எஞ்சினியர் வரைந்தது. மாடி, போர்டிகோ, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர். பின்வாசலைக் காணோம். 'பாதுகாப்புக்கு' என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

மைனியும் பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் அதே வரிசையில் மூன்றாவது வீடு. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடிதம் எழுதினாள். 'பின்வாசல் ஒன்று இருந்தால் நல்லது என்று பிரியப்படுகிறேன்.' ஒரே ஒரு வரி. அதற்கே அவளுக்கு அரை நாள் ஆயிற்று.

காரணம் இருக்கிறது. காக்கா இருந்த அறையில் எட்டுப் பேர், எட்டும் எங்கள் ஊர். ஒருத்தனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் எட்டுப் பேருக்கும் வாசிப்பது அங்கே வழக்கம். ஊர் வாசனைக்காக அப்படிச் செய்கிறார்கள், தப்புச் சொல்ல முடியாது. கேசட்டில் பேசி அனுப்பினாலும் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்துதான் கேட்பார்கள். எட்டு ஆண்கள் கேட்கிற இடத்தில் ஒருத்தி என்ன பேசுவாள்? 'நலம், நலமறிய ஆவல்.' பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆடு குட்டி போட்டது.

பதில் வந்தது. 'நீ எழுதியதைக் கேட்டு அறையில் எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய வீட்டுக்கு முன்வாசல் போதாதா? பிளான்படியே கட்டச் சொல்.'

மைனி கடிதத்தை மடித்து வைத்தாள். அழவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் அன்றைக்கு எதிரே நின்றிருந்தால் சொளகை எடுத்து வீசியிருப்பேன்.

"இன்னொரு காயிதம் போடுங்க மைனி. நல்லா நாக்கப் புடுங்குத மாதிரி எழுதுங்க."

"எழுதுனா எட்டுப் பேரு படிச்சுச் சிரிப்பாவோ. நான் எழுதல. செஞ்சு அனுப்புதேன், எட்டுப் பேரும் பாக்கட்டும்."

அன்று மாலையே தெருப் பிள்ளைகளிடம் சொல்லிக் காலித் தீப்பெட்டி சேர்க்க ஆரம்பித்தாள். என் வீடு குப்பைமேடானது. ஒரு தீக்குச்சி நீளம் நாலடி என்று கணக்கு வைத்துக்கொண்டு பிளானை அட்டையில் வரைந்தாள். தீப்பெட்டி அடுக்கிச் சுவர், அதன்மேல் மைதா பசையும் சுண்ணாம்பும் பூச்சு. ஜன்னல் கம்பிக்கு விளக்குமாற்று ஈர்க்கு. பற்பசைக் குழாயை வெட்டி விரித்துத் தேய்த்துக் கண்ணாடி, மாத்திரை அட்டையின் தகட்டில் மின்விசிறி. பத்தமடைப் பாய் ஓரத்தில் பிரிந்த கோரையைப் பிளந்து விரல் அகலத்தில் பாய் முடைந்தாள். முன்னால் தெருவுக்கு அடுப்புச் சாம்பல் தூவினாள்.

கொத்தனார் தேவசிகாமணி ஒருநாள் கணக்குக் கேட்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மைனி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்துப் படியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"யக்கா, பிளானுல படி ஒம்பது இஞ்சு உசரம். நீங்க கொறச்சில்லா வச்சிருக்கீய?"

"ஒம்பது இஞ்சுன்னா முட்டு வலிக்கும் கொத்தனாரே. ஏழு போதும்."

"நானும் அதத்தான் நெனச்சேன். சொன்னா யாரு கேக்கா?" என்றார். பிறகு வீட்டைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே பின்வாசல் இருந்தது. அவர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார், அதாவது கதவுக்குப் பின்னால் இருந்த அவளை. "இது பிளானுல கெடயாதே."

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? பைய கட்டுங்க. பின்சுவத்துக்கு அவசரமில்ல. அங்கேருந்து பதிலு வரட்டும்."

"செங்கல் வரலன்னு சொல்லி ஓட்டுதேன். ஆனா ரொம்ப நாள் முடியாது தாயி. எனக்கும் வேற வேல நிக்கி" என்றார்.

அந்தப் பின்பக்கத்தைத்தான் அவள் கடைசியாக, ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். முடுக்கு எங்கள் முடுக்கேதான். மண் நிறத்துக்கு எதைப் போடலாம் என்று மஞ்சளைப் பார்த்தாள், செங்கல் பொடியைப் பார்த்தாள், எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் பீடித்தூளைப் பசையில் ஒட்டினாள். அச்சு அசல் எங்கள் முடுக்கு மண். பெண்களைப் பீடி இலையில் மடித்துச் செய்தாள். உருவம் செய்தால் மலக்குகள், அந்த வானவர்கள், வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று ஹமீது பீவி லாத்தா அதட்டினாள்.

"மொகம் வைக்க மாட்டேன் லாத்தா" என்றாள் மைனி.

முகம் இல்லாமலே யார் யாரென்று எல்லாருக்கும் தெரிந்தது. முட்டு வலிக்கு ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருப்பது ஹமீது பீவி லாத்தா. அதட்டினவளே குனிந்து பார்த்துவிட்டு, "ஏளா, என் கால இன்னும் கொஞ்சம் நீட்டுளா" என்றாள். கதவில் சாய்ந்து நிற்பது நான். வேலை செய்யாமல் பேசிக்கொண்டே இருப்பவள் என்று அர்த்தம். எல்லார் மடியிலும் நகத்தளவு சொளகு, சொளகு நிறைய நிஜத் தூள்.

"மைனி, இதுல காக்காவ எங்க?" என்று கேட்டேன்.

"கண்ணால கண்டதத்தான் செய்யுதேன்" என்று சொல்லிவிட்டு அவள் பசையைக் கிண்டினாள்.

பக்கத்து வீட்டு நூர்முகம்மது லீவு முடிந்து புறப்படுகிற நேரம். அவரும் அதே அறைதான். பெட்டியில் ஊறுகாய், வடகம், அல்வா, யாரோ கொடுத்த கஷாயப் பொடி. அது போதாதென்று தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் கட்டின இந்த வீடு. "ஊர்ல எல்லாரும் வீடு கட்ட சபர் போறான், நான் வீட்டத் தூக்கிட்டுல்லா போறேன்" என்று புலம்பினார். ஆனால் மடியில் வைத்தே கொண்டுபோனார், நல்ல மனுஷன்.

பத்து நாள் கழித்து அவர் பூத்துக்குப் போன் போட்டு அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் முடுக்கு வழியாக ஓடி வந்தாள். போய் இறங்கின விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வீட்டைப் பார்த்து அதிகாரி முதலில் சிரித்தாராம். பிறகு மூக்கைச் சுளித்தாராம். பின்பக்கத்து மண்ணை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்திருக்கிறார். ஏதோ இலை, ஏதோ தூள். அது என்னவென்று நூர்முகம்மதுக்குத் தெரிந்த பத்து அரபு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் இலையும் தூளும் இருந்த இடத்தையெல்லாம் பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, அவர் வேலை அது.

"எது போச்சு? மாடியா?" என்றாள் மைனி.

"மாடியெல்லாம் இருக்காம். பின்பக்கந்தான் மொத்தமா போச்சாம்."

எந்த வாசலுக்காக நாற்பது நாள் உட்கார்ந்தாளோ அது போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற வீடு மாதிரி மாடியும் போர்டிகோவும் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எவளாவது பீடித்தூள அள்ளி மண்ணு போடுவாளா? செங்கப்பொடி போட்டா கொறஞ்சா போயிருவிய?" என்று கத்திவிட்டேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மைனி சொளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஆயிரம் பீடி சுற்றினாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

தேவசிகாமணியும் எத்தனை நாள்தான் பொய் சொல்வார்? இரண்டு வாரம் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, "மன்னிச்சிருங்க யக்கா, வேற வழியில்ல" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் வேலையை ஆரம்பித்தார். அன்று மூன்று வரிசை, திங்கட்கிழமை இரண்டு வரிசை. முழங்கால் உயரம் வந்துவிட்டது. இடித்த வீடானாலும் மத்தியான நிழல் அங்கேதான் என்பதால் நாங்கள் அப்போதும் அங்கேதான் கூடினோம். வேலையாட்கள் சாப்பிடப் போனதும், சொளகைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேலையை ஒரு கையால் ஒதுக்கி, ஒவ்வொருத்தியாகச் சுவரைத் தாண்டினோம். ஹமீது பீவி லாத்தாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினோம். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் லாத்தா வரவில்லை. செய்தி மட்டும் சொல்லி அனுப்பினாள், முட்டு முடியவில்லை என்று. மைனி அவள் உட்காரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை கடிதம் வந்தது. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. மைனி வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள், தானாக நீட்டினது அதுதான் முதல் தடவை. காக்கா எழுதியிருந்தான்:

'வீடு வந்து சேர்ந்தது. ஜன்னல் கம்பியைக்கூட எண்ணிப் பார்த்தோம். நான் அனுப்பிய பணம் இப்படி ஆகப் போகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆனால் பின்பக்கம் இல்லை. அறுத்த இடம் ஓட்டையாக இருக்கிறது. பெட்டியின் அடியில் ஒரு சின்னச் சொளகு மட்டும் கிடந்தது.

அங்கே என்ன இருந்தது என்று மூன்று வெள்ளிக்கிழமையாக அறையில் சண்டை. கிணறு என்கிறான் அசன் மைதீன். கொய்யா மரம் என்கிறான் பாவா. அவரவர் சிறுபிள்ளையில் பார்த்ததைச் சொல்கிறோம். பத்து வயதுக்குப் பிறகு எங்களில் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை. நூர்முகம்மதுக்கும் தெரியவில்லை, பெட்டியைக் கட்டித்தானே கொடுத்தீர்கள்; விமான நிலையத்தில் திறந்தபோதும் பின்பக்கம் அதிகாரியைப் பார்த்துத்தான் இருந்ததாம். அட்டையை வெட்டி ஓட்டையை அடைக்கலாம் என்று உட்கார்ந்தோம். எப்படி அடைப்பது என்று எட்டுப் பேருக்கும் தெரியவில்லை.

உம்மா பகல் முழுக்க அங்கேதான் இருந்தாள். அங்கே யாரோடு இருந்தாள், என்ன பேசினாள், எதற்குச் சிரித்தாள், எனக்கு எதுவும் தெரியாது. உம்மா இருக்கும்போது நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்டதில்லை. போன கடிதத்துக்குச் சிரித்தோம். அது தப்பு, மன்னித்துக்கொள்.

அங்கே என்ன வைத்திருந்தாய்? எழுது. எழுதி நான் வாசிக்கும் வரைக்கும் பின்பக்கம் ஒரு கல் வைக்க வேண்டாம். நீ வைத்திருந்தது எதுவோ அதையே கொத்தனாரைக் கட்டச் சொல். எட்டுப் பேரும் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.'

நான் திட்டித் தீர்த்த அதே அண்ணன்தான் இப்படி எழுதியிருந்தான்.  கடிதத்தை எடுத்துக்கொண்டு முடுக்கு வழியாக ஓடி, சாந்துக் கரண்டியோடு நின்ற தேவசிகாமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். துப்பட்டி போடவில்லை என்பதே பிறகுதான் உறைத்தது.  அவர் கரண்டியை வைத்தார், காலையில் வைத்த கல்லை உதைத்துத் தள்ளினார். ஈரச் சாந்து, பொலபொலவென்று உதிர்ந்தது.

திரும்பி வந்தபோது மைனி தரையில் பலகையை வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். முதல் தடவை ஒரு வரி எழுத அரை நாள் எடுத்தவள், பேனாவை எடுக்காமல் எழுதினாள். கண்ணீர் சொட்டுவதைத் துடைக்கக்கூட இல்லை, காகிதத்தைத்தான் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"மைனி, எட்டுப் பேரு படிப்பாவோ" என்றேன்.

"படிக்கட்டும். சத்தமாப் படிக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். சலாம், நலம், நலமறிய ஆவல் எதுவும் இல்லை. 'பின்பக்கம் என்ன இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் இருந்தோம்' என்று தொடங்கி, ஹமீது பீவி என்று முதலில் போட்டு, முடுக்கில் உள்ள ஒவ்வொருத்தி பெயரையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, அப்போதுதான் என் பெயரை எழுத ஆரம்பித்திருந்தாள்.